மணிச்சத்து தீர்ந்துவிடுமா? பெங்களூரு மாடித்தோட்டக்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

இன்னும் முப்பது வருஷத்தில் மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், தீர்ந்துவிடும் என்கிறார்களே, நிஜமா? (ஒயிட்ஃபீல்டு)

அவ்வளவு சீக்கிரம் தீராது. கவலை வேறு. பாஸ்பரஸ் உரத்துக்கு மூலமான பாஸ்பேட் பாறையின் உலகக் கையிருப்பில் ஏறக்குறைய 70 சதவீதம் மொராக்கோவிலும் மேற்கு சகாராவிலும் இருக்கிறது. நமக்கு உதய்ப்பூர் பக்கம் ஜாமர்கோட்ரா சுரங்கம் உண்டு, ஆனால் அது நம் தேவைக்குக் காணாது. பாறை, பாஸ்பாரிக் அமிலம், மணிச்சத்து உரமான டி.ஏ.பி. என்று பெரும்பகுதி கப்பலில்தான் வருகிறது. 2008இல் பாறை விலை பல மடங்கு ஏறியது. 2021இல் சீனா உர ஏற்றுமதியை இறுக்கியது. அந்த மாதிரி நேரத்தில், அடியுரம் போட வேண்டிய வாரத்தில் மூட்டை கிடைக்காமல் கடை கடையாக அலைவது நம் விவசாயிதான்.

மாற்று ஏதும் இல்லையா? (அல்சூர்)

இல்லை. டி.என்.ஏ.விலேயே பாஸ்பரஸ் இருக்கிறது. தழைச்சத்தையாவது (நைட்ரஜன்) காற்றிலிருந்து எடுக்கலாம், இதற்கு அந்த வழியும் கிடையாது.

தக்காளி நாற்றின் இலையடி ஊதாவாகிறது. டி.ஏ.பி. போடவா? (கே.ஆர்.புரம்)

கொஞ்சம் பொறுங்கள். முதிர்ந்த இலைகளில் ஊதா படர்ந்து செடியும் குன்றிப்போயிருந்தால் மணிச்சத்துக் குறைவாக இருக்கலாம். மண் குளிர்ந்திருந்தாலும் இப்படி ஆகும், வேர் சத்தை எடுக்காது. தவிர, போடும் மணிச்சத்தில் பெரும்பங்கை நம் செம்மண்ணின் இரும்பும் அலுமினியமும் பிடித்து வைத்துக்கொள்ளும். முதலில் தொழுவுரத்தோடு, அப்படிப் பிடிபட்ட மணிச்சத்தைக் கரைத்துத் தரும் நுண்ணுயிர் உரமான பாஸ்போபாக்டீரியா கலந்து போட்டுப் பாருங்கள்.

நம் பெல்லந்தூர் ஏரி நுரை கக்குகிறதே, அதற்கும் பாஸ்பரஸுக்கும் சம்பந்தம் உண்டா? (சர்ஜாபூர் சாலை)

நிறையவே உண்டு. வளர்ந்தவர்கள் சாப்பிடும் பாஸ்பரஸ் கிட்டத்தட்ட முழுவதும் உடம்பிலிருந்து வெளியேறிவிடும், அதில் பெரும்பகுதி சிறுநீரில். அது சாக்கடை வழியாக ஏரிக்குப் போகிறது. நுரை கிளம்புவது சோப்புப் பொருள்களால். ஆனால் ஏரியை மூடுகிற ஆகாயத்தாமரையை வளர்ப்பதில் இந்தப் பாஸ்பரஸுக்குப் பெரிய பங்கு உண்டு. காசு கொடுத்துக் கப்பலில் வரவழைத்ததையே கொட்டி ஏரியைக் கெடுக்கிறோம். எனக்கு ஆறவே மாட்டேனென்கிறது.

மீட்க வழி இருக்கிறது. கழிவுநீரைச் சுத்திகரிக்கும்போது அடியில் சேரும் கசடைக் கையாளுகையில் பிரியும் நீரில் மெக்னீசியம் சேர்த்தால் ஸ்ட்ருவைட் என்ற படிகம் படியும். மெதுவாகக் கரையும் நல்ல உரம் அது. கழிவுநீர்க் கசடிலிருந்து பாஸ்பரஸை மீட்டாக வேண்டும் என்று ஜெர்மனி 2017இல் விதியே கொண்டுவந்தது. பெரிய சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 2029இலிருந்து அது கட்டாயம்.

அடுக்ககத்தில் இருப்பவர்கள் என்ன செய்ய? (எச்.எஸ்.ஆர். லேஅவுட்)

பாஸ்பேட் இல்லாத சோப்புத்தூள் வாங்குங்கள், சமையலறைக் கழிவை மட்கவையுங்கள். அப்புறம், உங்கள் சுத்திகரிப்பு நிலையத்துக் கசடு எங்கே போகிறது என்று அடுத்த சங்கக் கூட்டத்தில் கேளுங்கள்.