கிறிஸ்தவ மருத்துவமனைகள் சொல்லும் ‘முழு மனித நலம்’ என்றால் என்ன? மருந்தோடு ஜெபமும் செய்வதா?

ஜெபமும் உண்டு, ஆனால் அதோடு முடிவதில்லை. வேலூர் சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனையில் நடந்த ஒன்றைச் சொன்னால் சட்டென்று புரியும்.

கொல்லிமலையில் மிஷனரி பெற்றோருக்குப் பிறந்த டாக்டர் பால் பிராண்ட் 1946-இல் அங்கே வந்தார். தொழுநோயால் விரல்கள் மடங்கிப்போன கைகளில், நோய் தொடாத ஒரு தசைநாரை இடம் மாற்றித் தைத்து, விரல்களை மறுபடி இயங்க வைத்தார். சரி, கை வந்துவிட்டது. அப்புறம்? ஊரில் வேலை தர ஆளில்லை. புருவம் உதிர்ந்த முகத்தைப் பார்த்தே மக்கள் விலகிப் போனார்கள். அதனால் தலைத்தோலிலிருந்து முடியோடு எடுத்துப் புருவம் வைத்தார்கள். ‘நவஜீவ நிலையம்’ என்று ஒரு சின்னக் குடியிருப்பு அமைத்து, தச்சு வேலை கற்றுக்கொடுத்தார்கள். தொழுநோயால் உணர்ச்சியற்றுப்போன விரலுக்குச் சுடும் டம்ளர்கூடத் தெரியாது. உளிப்பிடி உரசிக் கொப்புளம் வந்தாலும் வலிக்காது. ஆகவே கைகளைக் கண்ணால் பார்த்துக் காயம் தேடும் பழக்கத்தையும் சொல்லிக்கொடுத்தார்கள்.

நோய், பிழைப்பு, மானம், மனசு எல்லாவற்றையும் ஒரே ஆளுடையதாகப் பார்ப்பது என்று இதைத்தான் சொல்கிறார்கள். இதற்கு வேர் விசுவாசம்தான்: ‘ஊழியங்கொள்ளும்படி வராமல், ஊழியஞ்செய்யவும்’ என்ற, சேவை பெற அல்ல, சேவை செய்யவே இயேசு வந்தார் என்று சொல்லும் பைபிளின் மத்தேயு 20:28 வசனமே அந்த மருத்துவமனையின் குறிக்கோள் வாசகம்.