பழைய ரோமானியக் காசு சேர்ப்பது பணக்காரர்களுக்கு மட்டுமான பொழுதுபோக்கா? புதிதாக வருபவர் எதில் தொடங்கலாம்?

அப்படி ஒன்றும் இல்லை. தங்கக் காசும், ஜூலியஸ் சீசர் முகம் போட்ட வெள்ளிக் காசும்தான் வேண்டும் என்று அடம் பிடித்தால் லட்சங்களில் போகும். கி.பி. 4ஆம் நூற்றாண்டுச் செப்புக் காசு போதும் என்றால், வெளிநாட்டு நாணய வியாபாரிகளிடம் 20, 30 டாலருக்கே எழுத்து தெளிவாகத் தெரியும் காசு கிடைக்கும். அவ்வளவு ஏராளமாக அடித்துத் தள்ளியிருக்கிறார்கள். பானையில் போட்டுப் புதைத்து வைத்தவர்களில் எத்தனையோ பேர் அதைத் தோண்டி எடுக்கத் திரும்பி வரவே இல்லை.

என்னிடம் கேட்பவர்களுக்கெல்லாம் நான் சொல்வது ரோமானியப் பேரரசர் கான்ஸ்டன்டைன் குடும்பத்தின் சின்னக் காசுகளைத்தான். ஒரு வகையில் பின்பக்கம் இரண்டு வீரர்கள் ஈட்டியோடு எதிரும் புதிருமாக நிற்பார்கள். சுற்றிலும் ‘குளோரியா எக்ஸர்சிடஸ்’, அதாவது படையின் பெருமை என்று லத்தீனில் இருக்கும். கி.பி. 330இல் இது தொடங்கியபோது வீரர்களுக்கு நடுவே இரண்டு படைக்கொடிகள் இருந்தன. 335 வாக்கில் காசின் எடையைக் குறைத்தார்கள், கொடியும் ஒன்றாகிவிட்டது. ஆக, கொடியை எண்ணினாலே எந்தக் காலத்துக் காசு என்று ஏறக்குறையச் சொல்லிவிடலாம்.

அப்புறம் வீரர்களின் காலுக்குக் கீழே ஒரு கோடு, அதற்குக் கீழே சில எழுத்துகள். காசு எந்த அக்கசாலையில், அதாவது நாணயம் அடிக்கும் கூடத்தில், அடிக்கப்பட்டது என்பதற்கான குறி அது. டி.ஆர். என்றால் இன்றைய ஜெர்மனியின் டிரியர், எஸ்.ஐ.எஸ். என்றால் குரோஷியாவின் சிசாக், ஏ.என். என்று வந்தால் இன்றைய துருக்கியில் உள்ள அந்தியோக்கியா. சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய செப்புத் துண்டில் இவ்வளவையும் படிக்கலாம். பெருக்குக் கண்ணாடியும் பொறுமையும் போதும். அமெரிக்க நாணயவியல் கழகத்தின் இணையப் பட்டியலில் பேரரசர் வாரியாக, அக்கசாலை வாரியாக இலவசமாகத் தேடிப் பார்க்கலாம்.

பேரரசர் திபேரியஸின் தினாரியஸ் என்ற வெள்ளிக் காசைப் பற்றியும் கேட்பார்கள். இயேசு “இது யாருடைய உருவம்?” என்று கேட்ட காசு இதுதான் என்ற பெயரால் விலை ஏறி நிற்கிறது. உண்மையில் அது அபூர்வமான காசே இல்லை. நம் கொங்குப் பகுதிப் புதையல்களிலேயே அகஸ்டஸ், திபேரியஸ் காசுகள்தான் அதிகம். எழும்பூர் அருங்காட்சியகத்தில் ரோமானியக் காசுகளைப் பார்க்கலாம். விலைக்கு வாங்கும் முன் அசலை ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுவது நல்லது.

“கரூர் அமராவதி ஆற்று மணலில் எடுத்தது” என்று யாராவது காட்டினால் வாங்காதீர்கள். அங்கே ரோமானியக் காசுகள் நிறையவே கிடைத்திருப்பது உண்மை, அந்தப் பெயரைச் சொல்லிப் போலியை விற்பதும் சுலபம். அசலாகவே இருந்தாலும் சிக்கல்தான். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் கிடைக்கும் 10 ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள புதையலைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, பழம்பொருள் வியாபாரத்துக்கு உரிமம் வேண்டும், தனியார் அதை நாட்டுக்கு வெளியே அனுப்பவும் முடியாது. ரசீது தராதவரிடம் பேரம் பேசுவதே வீண்.

போலியைப் பற்றி ஒன்று. அசல் காசு அச்சில் வைத்துச் சுத்தியலால் அடித்தது, மலிவான போலி பெரும்பாலும் வார்த்தது. வார்ப்பில் விளிம்பைச் சுற்றி மெல்லிய கோடு ஓடும், மேற்பரப்பில் ஊசிமுனைக் குழிகள் இருக்கும், எழுத்தின் ஓரம் சோப்புக்கட்டி போல மழுங்கியிருக்கும். ஒரே மாதிரி தேய்ந்து, ஒரே இடத்தில் உடைந்த இரண்டு காசுகளைக் கண்டால் இரண்டையும் விட்டுவிடுங்கள்.

வாங்கியதைப் புளி போட்டுத் தேய்க்க வேண்டாம். அந்தப் பச்சை, பழுப்புப் படலம்தான் காசைக் காப்பாற்றி வைத்திருக்கிறது, அது போனால் விலையும் போய்விடும். மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் நாள்கணக்கில் ஊறவிடுங்கள். வெளிர்பச்சையில் மாவு மாதிரி உதிர்ந்தால் மட்டும் அந்தக் காசை உடனே தனியாக எடுத்து வையுங்கள். அது உப்பு அரிப்பு, ஈரம் பட்டால் காசையே தின்றுவிடும்.