கணக்குப் பக்கம்: நேரே போக முடியாத விடைக்கு

கேள்வி: இரண்டு எண்கள். வர்க்கங்களின் கூட்டல் 5, பெருக்கல் 2. (–1, 1) இல் தொடங்கி நியூட்டன் முறையில் (ஓர் ஊகத்தைத் திரும்பத் திரும்பத் திருத்தி விடையை நெருங்கும் முறை) ஓட்டினால், முதல் வரியிலேயே பூச்சியத்தால் வகுத்ததாகப் பிழை வருகிறது. ‘ஹோமோடோபி போடு’ என்கிறார் ஆசிரியர். நேரே போக முடியாத இடத்துக்குச் சுற்றிப் போனால் மட்டும் போய்விட முடியுமா?
– மாணவி, அம்மாபேட்டை, சேலம்

பதில்: முடியும் கண்ணு. பிழை உன் புரோகிராமில் இல்லை. இந்தக் கணக்கில் நியூட்டன் முறை வகுக்கும் எண் (அணிக்கோவை என்பார்கள்), இரு வர்க்கங்களின் வித்தியாசத்தைப் போல் இரண்டு மடங்கு. (–1, 1) இல் அது பூச்சியம்.

ஹோமோடோபி என்றால், விடை தெரிந்த ஒரு சுலபக் கணக்கை மெல்ல மெல்ல உன் கணக்காக மாற்றி, விடையையும் கூடவே நகர்த்திக்கொண்டு போவது. ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி ஒரு குமிழை வைத்துக்கொள். 0 இல் கணக்கு மிகச் சுலபம்: இரண்டு எண்களின் வர்க்கமும் 1. விடைகள் நான்கு, அதில் ஒன்று உன் (–1, 1). குமிழ் 1 இல் உன் கணக்கு. இடையில் இரண்டும் அந்தந்த விகிதத்தில் கலந்திருக்கும். குமிழ் திரும்பத் திரும்ப விடை நகர்ந்து போகும் தடம்தான் பாதை.

நேற்று இரவு நானே கையால் போட்டுப் பார்த்தேன். குமிழை 0.5 இல் வைத்து (–1, 1) இலிருந்து நியூட்டனை ஓட்டினால் முதலில் (–0.5, 3.5), அடுத்து (–0.73, 2.47), கடைசியில் (–0.80, 2.18) இல் நிற்கிறது. அங்கிருந்து குமிழை 1 க்குத் திருப்பினால் (1.15, 2.80), (0.99, 2.12), அப்புறம் (1, 2). வந்துவிட்டது! தாவாமல் குமிழை மெதுவாகத் திருப்பினால், வழியில், குமிழ் 0.69 பக்கத்தில், முதல் எண் பூச்சியத்தைத் தாண்டும்போது இரண்டாவது 2.33 இல் இருக்கிறது. அவ்வளவு ஏறிவிட்டுத்தான் 2 க்கு இறங்குகிறது.

இரண்டே தாவலில் முடிந்தது நம் அதிர்ஷ்டம். முறையாகச் செய்தால், ஒவ்வொரு படியிலும் ஆய்லர் முறையில் தொடுகோட்டின் திசையில் ஓர் எட்டு வைத்து, நியூட்டனால் பாதைக்குத் திரும்ப வேண்டும். மூன்று திருத்தத்துக்குள் அடங்கவில்லையா, படியைப் பாதியாக்கு. தொடர்ந்து சரியாக வந்தால் நீட்டு. பனிமூட்டத்தில் மலையேறுகிறவர் எல்லாரும் இதைத்தான் செய்கிறார்கள். அஸ்தம்பட்டியிலிருந்து கோரிமேடு வழியாக ஏற்காட்டுக்கு நான் பைக்கில் போன நாட்களில், கீழ் மடிப்பில் வரும் பஸ்ஸின் விளக்கு என் சாலையிலேயே வருகிறது என்று நினைத்திருக்கிறேன். கணினிக்கும் இதே ஆபத்து உண்டு: படி பெரிதானால் பக்கத்துப் பாதைக்குத் தாவிவிடும், பிழைச் செய்தியும் வராது.

சில கணக்குகளில் பாதையே மடங்கும்: மேலே போகக் குமிழைப் பின்னால் திருப்ப வேண்டியிருக்கும். ஏற்காடு சாலையில் கொண்டை ஊசி வளைவுகள் 20. வடக்கேதான் ஓட்டுவேன் என்று பிடிவாதம் பிடித்தால் வளைவில் நிற்க வேண்டியதுதான். கிலோமீட்டரை எண்ணிக்கொண்டு போனால் வளைவும் சாலைதான். அதனால் குமிழை விட்டுவிட்டுப் பாதையின் நீளத்தை எண்ணுவார்கள். எனக்கு இதைவிடப் பிடித்த வழி, தொடக்கக் கணக்கை ஏதோ ஒரு கலப்பெண்ணால் (–1 இன் வர்க்கமூலமும் கலந்த எண்) பெருக்குவது. பாதைகள் கலப்பெண் வெளிக்குள் போய்விடும்; குமிழ் 1 ஐ எட்டும் முன் மடங்குவதற்கோ மோதுவதற்கோ வாய்ப்பு பூச்சியம். இந்த நம்பிக்கையில்தான், நான்கு தண்டு இணைப்பின் (நான்கு தண்டுகளை மூட்டுகளால் கோத்த பொறி) ஒரு புள்ளி ஒன்பது இடங்களைத் தொட வேண்டும் என்ற 1923 ஆம் வருடத்துக் கணக்கை வாம்ப்ளர், மார்கன், சோமீஸ் மூவரும் 1992 இல் முழுதாகத் தீர்த்தார்கள்.

உன் கணக்கில் கலப்பெண் தேவையில்லை. நான்கு பாதைகளும் மோதாமல் போகின்றன: (1, 1) போய்ச் சேருவது (2, 1), (1, –1) க்கு (–1, –2), (–1, –1) க்கு (–2, –1). உன் புரோகிராமில் ஒரே விடை இரண்டு முறை வந்தால், படியைச் சுருக்கி அந்த இரண்டு பாதைகளை மட்டும் மறுபடி ஓட்டிப் பார்.