ஸ்கேல் தெரியும், லீட் வரவில்லை

தேவகோட்டை வாசகி ஒருவரின் கேள்வி: இரண்டு வருடமாக அக்கூஸ்டிக் கிட்டார் வாசிக்கிறேன். கார்டு பிடித்து, ஸ்ட்ரம் செய்து, பாட்டுக்குக் கூடவே போவதில் சிக்கல் இல்லை. லீட், அதாவது தனியாக மெட்டு வாசிக்க ஆசைப்பட்டு, வீடியோ பார்த்து, ஐந்தாம் ஃப்ரெட்டில் தொடங்கும் ஏ மைனர் பென்டடானிக் (ஐந்து சுர ஸ்கேல்) பாக்ஸை, அதாவது விரல் வைக்கும் இடங்களின் வடிவத்தை, மனப்பாடம் செய்துவிட்டேன். ஓரளவு வேகம்கூட வந்துவிட்டது. ஆனால் அது பாட்டு மாதிரி இல்லை. வளவில் (வீட்டின் நடு முற்றத்தில்) உட்கார்ந்து கேட்கும் எங்கள் ஆயா (பாட்டி), “என்னாத்தா, படியிலயே ஏறி எறங்கிக்கிட்டு இருக்கே, வீட்டுக்குள்ள எப்ப வரப்போறே?” என்று கேட்கிறார். இன்னொன்று, ஏ மேஜரில் இருக்கும் ஒரு பாட்டுக்கு இதே பாக்ஸை வாசித்தால் சில இடங்களில் காது கூசுகிறது. பாக்கி நான்கு பாக்ஸையும் படித்தால் சரியாகுமா?

சரியாகாது. இப்போது ஒரு படிக்கட்டில் ஏறி இறங்குகிறீர்கள், அப்புறம் ஐந்து படிக்கட்டில் ஏறி இறங்குவீர்கள். உங்கள் ஆயா சொன்னதைவிடச் சரியாக நான் சொல்லிவிட முடியாது. எந்தக் கார்டில் எந்தச் சுரத்தில் வந்து நிற்பது என்பதுதான் லீட். அதை எந்த பாக்ஸும் தானாகச் சொல்லித்தராது.

முதலில் அந்த பாக்ஸையே கொஞ்சம் வெட்டிவிடுவோம். அதில் பன்னிரண்டு இடங்கள் உண்டு; உங்களுக்கு இப்போதைக்கு ஆறு போதும். மெல்லிய கம்பியை ஒன்றாம் கம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்காம் கம்பி ஏழாம் ஃப்ரெட், அது ஏ. மூன்றாம் கம்பியில் 5, 7: சி, டி. இரண்டாம் கம்பியில் 5, 8: இ, ஜி. ஒன்றாம் கம்பி 5: மறுபடியும் ஏ, மேல் ஸ்தாயி. ஐந்தாம் ஃப்ரெட்டுக்கு ஆள்காட்டி விரல், ஏழுக்கு மோதிர விரல், எட்டுக்குச் சுண்டு விரல். தடித்த கம்பிகளை ஒரு மாதம் மறந்துவிடலாம்.

இந்த ஆறு இடத்தையும் வரிசையாக வாசித்துவிட்டு, வீட்டில் பாட்டு கற்றவர் யாராவது இருந்தால் கேளுங்கள், “சுத்த தன்யாசி மாதிரி இருக்கே” என்பார். சி-யில் தொடங்கி மேல் ஏ வரை போனால் மோகனத்தின் ஐந்து சுரமும் வந்துவிடும். ராகம் என்றால் வெறும் சுர வரிசை இல்லை, கமகமும் பிடிகளும் சேர்ந்தது என்று அவர் கோபித்துக்கொண்டால் அதுவும் நியாயம்தான். இங்கே நமக்கு வேண்டியது ஒரு பிடிமானம். காதில் ஏற்கெனவே இருக்கிற ஒன்றை விரல் தேடிப் போவது, புதிதாக ஒன்றைத் திணிப்பதைவிடச் சுலபம்.

இப்போது போனை எடுத்து நீங்களே நான்கு கார்டைப் பதிவு செய்யுங்கள்: ஏ மைனர், எஃப், சி, ஜி. ஒவ்வொன்றும் நான்கு எண்ணிக்கை, நிமிடத்துக்கு 60 வேகம், ஐந்து நிமிடம் நிற்காமல். அதை ஓடவிட்டு, ஒரு கார்டுக்கு ஒரே ஒரு சுரம் மட்டும் வாசியுங்கள். ஏ மைனருக்கு ஏ, எஃப்-க்கு சி, சி-க்கு இ, ஜி-க்கு டி. கார்டு மாறும் முதல் எண்ணிக்கையில் சுரம் விழ வேண்டும், மீதி மூன்று எண்ணிக்கை அது ஒலிக்கட்டும். நான்கே சுரம், ஆனால் பாட்டு தொடங்கிவிட்டதை உடனே உணர்வீர்கள். வேகமாக ஐம்பது சுரம் வாசித்தபோது வராதது இதில் வருவதற்குக் காரணம், நீங்கள் நின்ற ஒவ்வொரு சுரமும் அந்தந்த கார்டுக்குள்ளேயே இருக்கிறது. ஏ மைனர் என்பது ஏ, சி, இ. எஃப் என்பது எஃப், ஏ, சி. இதில் எஃப் நம் ஸ்கேலில் கிடையாது, ஆகவே ஏ-யிலோ சி-யிலோ நிற்கலாம். சி கார்டின் சி, இ, ஜி மூன்றும் நம்மிடம் உண்டு. ஜி கார்டின் ஜி, பி, டி-யில் பி மட்டும் நம்மிடம் இல்லை. ஜி, டி இரண்டும் உண்டு.

பென்டடானிக்கில் எதை வாசித்தாலும் தப்பாகாது என்று வீடியோக்களில் சொல்வார்கள். பாதி உண்மை. தப்பாகத்தான் ஆகாது; ஜி கார்டு ஓடும்போது சி-யில் போய் நின்று பாருங்கள், செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நிற்கிற மாதிரி இருக்கும். அந்தத் தவிப்பு சில நேரம் வேண்டியதுதான், தெரிந்து செய்தால்.

அடுத்த நாள், மேல் ஏ ஒன்றை மட்டும் நான்கு கார்டுக்கும் விடாமல் வாசியுங்கள். ஏ மைனரில் அது வீட்டில் இருக்கும். எஃப் வந்ததும் குழைந்துவிடும். சி-யில் லேசாக மிதக்கும், ஜி-யில் தொங்கிக்கொண்டு எங்காவது இறங்கத் துடிக்கும். ஆள் அதே ஆள், வீடுதான் மாறுகிறது. இதைக் காது பிடித்துக்கொள்ள ஒரு வாரம் ஆனாலும் பரவாயில்லை. என்னிடம் வருகிறவர்களில் பலர் இந்த இடத்தைப் பொறுமையில்லாமல் தாண்டிவிட்டு, ஆறு மாதம் கழித்துத் திரும்பி வருகிறார்கள்.

பிறகு, நிற்கும் சுரத்துக்கு முன்னால் ஒன்றிரண்டு சுரம் சேருங்கள். சி-யில் நிற்க வேண்டுமா, டி-யைத் தொட்டுவிட்டு வாருங்கள். இ-யில் நிற்க, ஜி-யிலிருந்து இறங்குங்கள். பாடகர்கள் சங்கதி போடுவார்களே, அதே முறை: மூன்று சுரத்தில் ஒரு சின்னப் பிடி, அதை அப்படியே இரண்டு முறை, மூன்றாம் முறை முடிவை மட்டும் மாற்றுவது. நடுவில் மூச்சு விட வேண்டும். விரலுக்கு மூச்சு வாங்காது, அதனால்தான் கிட்டார்காரர்கள் நிறுத்தத் தெரியாமல் ஓடுகிறார்கள். வாயால் பாடிக்கொண்டே வாசித்தால் தானாக நிற்பீர்கள். குரல் எப்படி இருந்தாலும் சரி.

சுரத்தை இழுப்பது, அதாவது பெண்ட், இதற்கு நம் ஊரைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. காரைக்குடி சகோதரர்கள் என்று பெயர் பெற்ற சுப்பராம ஐயரும் சாம்பசிவ ஐயரும் இந்த ஊர்ப் பெயரை வீணை உலகில் நிலைநிறுத்தியவர்கள். தம்பி சாம்பசிவ ஐயருக்கு 1952-இல் சங்கீத கலாநிதி விருது கிடைத்தது. வீணையில் ஒரே மெட்டில் விரலை வைத்துக் கம்பியைப் பக்கவாட்டில் இழுத்து மேல் சுரங்களைக் கொண்டுவருவார்கள். கிட்டார் பெண்டும் அதே வேலைதான். இழுத்துப் போய்ச் சேர வேண்டிய சுரம் எது என்று காதில் முன்கூட்டியே இருந்தால்தான் இரண்டிலும் சுருதி சேரும்.

ஆகவே இப்படிப் பழகுங்கள். ஒன்றாம் கம்பி ஐந்தாம் ஃப்ரெட்டை மீட்டி ஏ-யைக் கேளுங்கள். பிறகு இரண்டாம் கம்பி எட்டாம் ஃப்ரெட்டில் ஜி-யைப் பிடித்து, அந்த ஏ வரும்வரை மேல்நோக்கித் தள்ளுங்கள். இதற்கு மட்டும் சுண்டு விரலை விட்டுவிட்டு மோதிர விரலை வையுங்கள், நடுவிரலும் ஆள்காட்டி விரலும் பின்னால் துணைக்கு இருக்கட்டும். கட்டைவிரல் கிட்டாரின் கழுத்தின் மேல் தொற்றிக்கொள்ள, மணிக்கட்டு திரும்ப வேண்டும்; விரல் பலத்தால் மட்டும் தள்ளினால் வலிதான் மிஞ்சும். வீடியோக்களில் மூன்றாம் கம்பி ஏழாம் ஃப்ரெட்டில் டி-யை இ-க்கு இழுப்பார்கள். அது எலக்ட்ரிக்கில் சுகம். அக்கூஸ்டிக் செட்டில் மூன்றாம் கம்பி பெரும்பாலும் சுற்றுக் கம்பி (மேலே மெல்லிய கம்பி சுற்றியது), அவ்வளவு லேசில் அசையாது. அங்கே இழுக்காமல், ஏழிலிருந்து ஒன்பதுக்கு ஸ்லைடு செய்யுங்கள், அதே இ கிடைக்கும். இப்போது 0.012 அங்குலச் செட் போட்டிருந்தால் அடுத்த முறை 0.010 வாங்குங்கள். ஒலி சற்று மெலியும், விரல் பிழைக்கும்.

ஏ மேஜர் பாட்டில் காது கூசியதற்கு வருவோம். அந்தப் பாட்டில் இருப்பது சி ஷார்ப். உங்கள் பாக்ஸில் இருப்பது வெறும் சி. ப்ளூஸ் இசையில் இந்த மோதலை வேண்டுமென்றே செய்வார்கள், அங்கே அது ருசி. நம் மெல்லிசைப் பாட்டில் பாயசத்தில் உப்பு விழுந்த மாதிரி ஆகிவிடும். பாட்டு மேஜராக இருந்தால் அதே வடிவத்தை மூன்று ஃப்ரெட் கீழே இறக்கி வாசியுங்கள். ஏ மேஜருக்கு இரண்டாம் ஃப்ரெட். ஜி மேஜருக்குத் திறந்த கம்பி, அல்லது பன்னிரண்டாம் ஃப்ரெட். சி மேஜருக்கு இப்போது இருக்கும் ஐந்தாம் ஃப்ரெட்டேதான். விரல் அமைப்பு மாறாது, நிற்கும் இடம் மாறும்: ஏ மேஜரில் நாம் ஏற்கெனவே பார்த்த ஆறு இடங்களில் இரண்டாவதுதான் இப்போது வீடு, அதாவது மூன்றாம் கம்பி இரண்டாம் ஃப்ரெட்.

மற்ற நான்கு பாக்ஸை எப்போது படிப்பது? ஒரு பாக்ஸில் கார்டு மாற்றத்தைப் பார்க்காமலே பிடிக்க முடிந்த பிறகு. அப்போதும் வடிவமாகப் படிக்காதீர்கள். அதே ஐந்து சுரம்தான், தொடங்கும் சுரம் மட்டும் வேறு. சி-யை ஆதாரமாக வைத்தால் மோகனம், டி-யை வைத்தால் மத்தியமாவதி, இ-க்கு இந்தோளம், ஜி-க்கு சுத்த சாவேரி, ஏ-க்கு சுத்த தன்யாசி. கிரக பேதம் என்பார்கள். சுருதிப் பெட்டி ஆப்பில் ஆறு கட்டை வைத்தால் அது ஏ, ஒரு கட்டை வைத்தால் சி. கட்டையை மாற்றி மாற்றி வைத்து அதே ஆறு இடத்தை வாசித்துப் பாருங்கள். வாரக்கணக்கில் பொழுது போகும்.

கடைசியாக ஒன்று. வளவில் உட்கார்ந்து பழகாதீர்கள். ஆத்தங்குடிக் கல் பாவிய தரையும், தேக்குத் தூண்களும், உயர்ந்த சுவரும் சேர்ந்து ஒலியை எதிரொலித்து, நீங்கள் விட்ட பிழையையெல்லாம் மெழுகி அழகாக்கிக் காட்டிவிடும். மெத்தையும் துணி அலமாரியும் இருக்கிற அறைக்குள் பழகி, பதிவு செய்து கேளுங்கள். வளவுக்கு ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும், ஆயா கேட்க.