கணக்குப்பிள்ளை நோட்டும் பாப்பாவின் படிப்பும்

அன்புள்ள அம்மா,

போன வாரம் திருமங்கலத்திலிருந்து பஸ் பிடித்து வந்து, ஒரு மணி நேரம் காத்திருந்து, உங்கள் மகள் பாப்பாவைப் பற்றிக் கேட்டீர்கள்: "பழைய நோட்டைப் படிச்சு அந்தக் காலத்து வெயிலைக் கண்டுபிடிக்கப் போறேங்கிறா. இதுக்கு ஒரு படிப்பா, இதுக்கு ஒரு சம்பளமா?" அன்று கூட்டம் அதிகம், சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது நிதானமாக எழுதுகிறேன். பாப்பாவையும் படிக்கச் சொல்லுங்கள்.

அவள் சொல்வது உண்மையான ஆய்வுத் துறைதான். ஜப்பானில் கியோட்டோ நகரத்துச் செர்ரி மரங்கள் எந்தத் தேதியில் பூத்தன என்று அரண்மனைக்காரர்களும் துறவிகளும் நாட்குறிப்பில் எழுதியது 9-ஆம் நூற்றாண்டிலிருந்தே கிடைக்கிறது. மார்ச் மாதத்தில் குளிர் குறைந்தால் பூ முந்தும். பூத்த தேதியும் தெர்மாமீட்டர் அளவும் சேர்ந்து கிடைக்கிற ஆண்டுகளை எடுத்து, எத்தனை நாள் முந்தினால் எத்தனை டிகிரி கூடுதல் என்று கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கைத் தெர்மாமீட்டர் இல்லாத காலத்துத் தேதிகளுக்குப் பொருத்தினால் அன்றைய வெப்பநிலை ஓரளவு தெரிந்துவிடும். 2021-இல் அங்கே மார்ச் 26-ஆம் தேதியே முழுதாகப் பூத்துவிட்டது. பதிவு தொடங்கியதிலிருந்து அதுவரை அவ்வளவு சீக்கிரம் பூத்ததில்லை. பிரான்சில் போன் என்ற ஊரின் திராட்சை அறுவடைத் தேதிகளை வைத்து 1354 வரை பின்னோக்கிப் போயிருக்கிறார்கள்.

நம் பக்கம் கதை வேறு. பாப்பா இதைத் தெரிந்துகொண்டுதான் இறங்க வேண்டும். மதுரைச் சீமையில் வெயில் வருஷா வருஷம் அடிப்பது, அதை யாரும் மெனக்கெட்டு எழுதி வைக்கவில்லை. கண்மாய் பெருகியதா, பயிர் மணி பிடிக்காமல் சாவியாகப் போனதா, தீர்வையில், அதாவது நிலவரியில், தள்ளுபடி உண்டா என்றுதான் எழுதினார்கள். அதனால் இங்கே அவளுக்குக் கிடைக்கப்போவது பெரும்பாலும் மழையின் வரலாறு. வெயில் பற்றி எழுதியவர்கள் வெளியூரிலிருந்து வந்து அதைத் தாங்க முடியாமல் தவித்தவர்கள். 1834-இல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனரிகள் வெயிலுக்கும் நோய்க்கும் பயந்துதான் 1845-இல் கொடைக்கானலில் வீடு கட்டினார்கள். அவர்களுடைய கடிதங்களும், அதற்கு முந்தைய இயேசு சபைக் கடிதங்களும் நல்ல ஆதாரங்கள். சென்னை வானாய்வகத்தின் வெப்ப அளவுகள் 1796-லிருந்து இருக்கின்றன. கடிதத்தில் படித்ததை ஒப்பிட்டுப் பார்க்க அவை உதவும்.

அப்புறம், உங்கள் மாமனார் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கும் கணக்குப்பிள்ளை நோட்டுகள். ஊரின் நிலக் கணக்கும் வரிக் கணக்கும் எழுதிய கணக்குப்பிள்ளை வேலையை 1980-இல் அரசு ஒழித்தபோது எத்தனையோ வீடுகளில் இப்படிப்பட்ட நோட்டுகள் பழைய பேப்பர் கடைக்குப் போயின. உங்கள் வீட்டில் தப்பியிருக்கிறது. பாப்பா கொண்டுவந்த நாலு பக்கப் படங்களையும் பார்த்தேன். அதில் 'பசலி 1286' என்று இருந்தது. பசலி என்பது நிலவரிக் கணக்குக்கான ஆண்டு. பசலியோடு 590 கூட்டினால் 1876, அந்த ஜூலையிலிருந்து அடுத்த ஜூன் வரை. அப்படியென்றால் தாது வருஷப் பஞ்ச காலம். இதே பக்கத்தில் பசலி இல்லாமல் 'தாது' என்று மட்டும் இருந்திருந்தால் சிக்கல்தான், ஏனென்றால் 60 ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும். 1816-17-உம் தாது, 1876-77-உம் தாது. முதலாவது இந்தோனேசியாவின் தாம்போரா எரிமலை வெடித்ததற்கு அடுத்த வருஷம், ஐரோப்பாவில் கோடையே சரியாக வராத வருஷம். ஒரு சுற்று தவறினால் அறுபது ஆண்டு தள்ளிப்போய் வேறொரு பேரிடரில் விழுவோம்.

இன்னொன்றும் பாப்பாவிடம் சொன்னேன். 'மழையில்லை, பயிர் முழுக்கச் சாவி' என்று எழுதியவர் தள்ளுபடி வாங்கித்தர நினைத்துக் கொஞ்சம் கூட்டி எழுதியிருக்கலாம். யார் எழுதினார், யாருக்காக, எப்போது எழுதினார் என்று கேட்ட பிறகுதான் அந்த வரியை எண்ணாக மாற்ற வேண்டும். சொன்னதும் அவள் முகம் மாறியது. உடனே நோட்டை மறுபடி புரட்டினாள். எனக்கு அவள்மேல் நம்பிக்கை வந்தது அப்போதுதான்.

சரி, எந்தப் படிப்பு? பி.ஏ. வரலாறுதான் வேண்டும் என்று நிற்கிறாள். என் யோசனை, இப்போதைக்கு பி.எஸ்சி. இயற்பியல், இல்லையென்றால் புள்ளியியல். பிளஸ் டூவில் கணிதம் இருக்கிறது, அதை விடவே கூடாது. பி.எஸ்சி. முடித்தவர் எம்.ஏ. வரலாறு சேரப் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் வழி இருக்கிறது. பி.ஏ. வரலாறு முடித்துவிட்டு எம்.எஸ்சி. இயற்பியலுக்குப் போவது நடைமுறையில் மிகவும் கஷ்டம். ஒரு பக்கம் திறந்த கதவு, ஒரு பக்கம் பூட்டு. பழைய கையெழுத்து படிப்பதை மூன்று வருஷமும் கூடவே பழகட்டும்.

வேலை என்று பார்த்தால், 'பழைய தட்பவெப்ப ஆய்வாளர்' என்று நம் நாட்டில் தனிப் பதவி கிடையாது. இதை மறைத்து உங்களைத் தேற்ற எனக்கு மனமில்லை. ஆனால் எம்.எஸ்சி.க்குப் பிறகு சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தேர்வில் புவி அறிவியல் தாள் எழுதி, ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வாளர் தகுதி வாங்கினால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000 ரூபாய் உதவித்தொகையோடு பிஎச்.டி. செய்யலாம். இயற்பியல் பட்டத்தோடு இந்திய வானிலைத் துறையின் சயின்டிஃபிக் அசிஸ்டென்ட் வேலைக்கும் முயலலாம். அந்த அறிவிப்பு ஆண்டுதோறும் வருவதில்லை. ஆவணக் காப்பகப் பக்கம் போக ஆசைப்பட்டால் டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் ஓராண்டு டிப்ளமா இருக்கிறது. வெளிநாடு என்றால் சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகம் இந்தத் துறைக்குப் பேர்போனது. அதெல்லாம் ஐந்தாறு வருஷம் கழித்து.

கல்லூரி திறப்பதற்குள் அவள் அந்த நோட்டுகளைப் பக்கம் பக்கமாகப் போனில் படமெடுத்து, பசலி, ஊர், மழை பற்றிய வரி, எழுதியவர் என்று எக்செலில் ஏற்றட்டும். நோட்டை வெயிலில் காய வைக்காதீர்கள், கிழிந்த இடத்தில் செலோ டேப் ஒட்டாதீர்கள், லேமினேஷன் வேண்டவே வேண்டாம். சுத்தமான பருத்தித் துணியில் சுற்றி, ஈரம் படாத அலமாரியில் வையுங்கள். அடுத்த முறை வரும்போது நோட்டைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வர வேண்டாம், படங்கள் போதும்.