டெக்காலுக்கு அடியில் வெள்ளித் திட்டா? உரிக்க வேண்டாம்

வணக்கம் நண்பரே. லிட்டில் ரெட் வேகன் என்ற பந்தய வண்டியின் 1/25 அளவு மாடல் கிட்டில், சிவப்புக் கதவில் ஒட்டிய டெக்காலுக்கு (நீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய படம்) அடியில் வெள்ளித் திட்டுகள் தெரிகின்றன, உரித்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம், கிழிந்துவிடும். அது உள்ளே சிக்கிய காற்றுதான். மேட் பெயின்ட் (பளபளப்பில்லாதது) கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் உண்மையில் சொரசொரப்பானது. டெக்கால் மேடுகளில் மட்டும் உட்கார்ந்து, பள்ளத்தில் காற்று நின்றுவிடுகிறது.

கதவை விளக்கடியில் சாய்த்துப் பிடியுங்கள். திட்டு பளிச்சிடும் இடத்தில் மெல்லிய ஊசியால் நாலைந்து துளை குத்தி, மேலே ஒரு சொட்டு மைக்ரோ சால் (டெக்காலை இளக்கும் திரவம், சிவப்பு லேபிள் பாட்டில்) விடுங்கள். டெக்கால் சுருங்கி நம்மைப் பயமுறுத்தும். அப்போது தொடவே கூடாது. நான் தொட்டு ஓர் எழுத்தையே இழந்திருக்கிறேன். காய்ந்ததும் தானாகப் படிந்துவிடும். திட்டு மிச்சமிருந்தால் மறுபடி செய்யுங்கள்.

அடுத்த கதவுக்கு முதலில் பளபளப்பான கிளியர் கோட் (நிறமற்ற பூச்சு) அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகு ஒட்டுங்கள்.

அப்புறம், முன் சக்கரங்களை ஒட்டும் முன் கொஞ்சம் யோசியுங்கள். நிஜ லிட்டில் ரெட் வேகன், பில் கோல்டன் ஓட்டிய டாட்ஜ் ஏ100 பிக்கப். அதில் 426 ஹெமி என்ற சக்திவாய்ந்த எஞ்சின் கேபினுக்குப் பின்னால் இருந்தது. எடை பின்பக்கம் கூடியதால்தான் பந்தயத்தில் முன்சக்கரங்கள் தரையை விட்டு எழும்பின. மாடலையும் அப்படி முன்பக்கம் தூக்கிய நிலையில் வைத்தால் மிக அழகாக இருக்கும். குரோம் பாகங்களில் பசை படும் இடத்தை மட்டும் சுரண்டிவிட்டு ஒட்டுங்கள். கதவு சரியானதும் படம் போடுங்கள்.