மத்தி ஏன் கிழக்கே வந்தது? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அப்பா காலத்தில் மத்தி என்றால் கேரளாக்காரர்கள் சாப்பிடுகிற மீன். இப்போது எங்கள் வலையிலேயே அள்ள அள்ள விழுகிறது. கடல் சூடானதுதான் காரணம் என்கிறார்களே, உண்மையா? (வாசகர், தொண்டி)

பெரும்பாலும் உண்மைதான். 1980களின் பிற்பகுதி வரை மத்தி, அதாவது நெய்ச்சாளை, ஏறக்குறைய மேற்குக் கரையோடு நின்றுகொண்ட மீன். அப்புறம்தான் குமரிமுனையைச் சுற்றிக்கொண்டு நம் பக்கம் ஏற ஆரம்பித்தது. மேல்தண்ணீரில் கூட்டமாகத் திரிகிற மீன் அது, தண்ணீரின் சூடு மாறினால், இரை நகர்ந்தால், கூட்டமும் இடம் மாறிவிடும். உங்கள் பக்கம் பேச்சாளை என்று ஒதுக்கி வைத்திருந்த இதே மீனை லாரி வைத்து அள்ளிக்கொண்டு போனவர்களும் கேரளாக்காரர்கள்தான், அது வேறு கதை.

ஆனால் இதை யோகம் என்று எண்ணிவிடாதீர்கள். 2012இல் கேரளத்தில் ஏறத்தாழ 3.9 லட்சம் டன் மத்தி பிடிபட்டது, 2021இல் 3,300 டன்கூட இல்லை. அந்தச் சரிவுக்குச் சூட்டை மட்டும் குறை சொல்ல முடியாது, சின்னக் கண்ணி வலையில் குஞ்சோடு வாரியதற்கும் பங்குண்டு. மத்திக்கு 10 செ.மீ. என்று அங்கே குறைந்தபட்ச அளவு வைத்ததே அதற்காகத்தான். பருவநிலை மாற்றம் என்று சொல்லிவிட்டால் வலைக்காரர், மீன்தூள் ஆலைக்காரர் எல்லோரும் தப்பித்துக்கொள்ளலாம் என்பதுதான் எனக்குப் பிடிக்காத விஷயம்.

கேள்வி: கடல் எங்கள் தெரு வரை வந்துவிட்டது. கேட்டால், உலகம் பூராவும் கடல்மட்டம் உயருது என்கிறார்கள். (வாசகி, எண்ணூர்)

உயர்கிறதுதான், ஆனால் உலகச் சராசரி வருடத்துக்கு மூன்று, நான்கு மில்லிமீட்டர். உங்கள் ஊர்க் கணக்கு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. நம் கரையில் மணல் வருடத்தில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே ஓடும். 19ஆம் நூற்றாண்டில் சென்னைத் துறைமுகச் சுவர் கடலுக்குள் நீண்டதும் அந்த மணல் தெற்கே தங்கிவிட்டது. நாம் சுண்டல் தின்கிற மெரினா அகலமானது அப்படித்தான், ராயபுரத்திலிருந்து வடக்கே கரை அரிபட்டதும் அதனால்தான். கல் கொட்டினால் உங்கள் தெரு தப்பும், ஆனால் அரிப்பு அடுத்த குப்பத்துக்கு நகரும், படகு ஏற்றவும் வலை காயப்போடவும் மணலே இருக்காது. கடல்மட்டம் இனிமேல் உயர உயர, இந்தப் பழைய காயம்தான் முதலில் பெரிதாகும்.

கேள்வி: வானத்தைப் பார்த்துக் காற்று சொல்லுவார் அப்பா. இனி அது உதவாதா? (வாசகர், குமரி மாவட்டம்)

உதவும், அன்றன்றைக்குக் கரை திரும்புகிறவர்களுக்கு. ஆனால் 2017 ஒக்கிப் புயல் உங்களுக்கே தெரியும். நவம்பர் 29இல் தாழ்வு மண்டலமாக இருந்தது மறுநாளே புயலாகிவிட்டது. சூடான கடல் புயலுக்குத் தீனி, அரபிக்கடல் பக்கமும் இப்போது முன்பைவிட அதிகமாகப் புயல்கள் வருகின்றன. அன்றைக்கு ஆழ்கடல் படகுகள் பல நாள் தங்கலுக்குக் கிளம்பிப் போய் வெகுதூரத்தில் இருந்தன. சாதாரண வயர்லெஸ் அவ்வளவு தூரம் எட்டாது. செயற்கைக்கோள் வழியே எச்சரிக்கை தருகிற டிரான்ஸ்பாண்டர் படகுகளில் பொருத்தப்பட்டது அதற்கப்புறம்தான். உங்கள் படகில் அது இருக்கிறதா, இருந்தால் வேலை செய்கிறதா என்று இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.